அச்சமும் ஈகையும் – நிதியுதவி அரங்கில் திகிற் கதை வாசிப்புப் பற்றிய ஒரு நோக்கு

திகிற் கதைகளைப் பற்றிய திறனாய்வு பெரும்பாலும் தனியே அமர்ந்து வாசிக்கும் ஒருவரையே மனத்திற் கொண்டு நிகழ்ந்துள்ளது. நூலைக் கையிலேந்திய அவ்வாசகர் அஞ்சினால் அதனை மூடிவிடலாம். ஐயுற்றால் பின்னே புரட்டிப் பார்க்கலாம். ஒருவர் எழுந்து நின்று உரத்து வாசிக்க, மண்டபம் நிறைந்த மக்கள் கேட்டிருக்கும்போது இவ்விரு வசதிகளும் அற்றுப் போகின்றன. அம்மக்கள் கூடியது ஓர் அநாதை இல்லத்துக்கோ, வைத்தியசாலைக்கோ, வெள்ளத்தால் வீடிழந்தோருக்கோ நிதி திரட்டும் பொருட்டு எனின் நிலைமை மேலும் சிக்கலடைகிறது. வாசிப்பவர், கேட்பவர் என்ற இருவருக்கும் அப்பால், அங்கு வாராத மூன்றாமவர் ஒருவரும் அக்கதையோடு தொடர்புறுகின்றார். அவர் பெயராலேதான் நுழைவுச்சீட்டு விற்கப்பட்டிருக்கிறது.

இத்தகைய மாலைப்பொழுதுக்குக் கதை தெரிவு செய்வோர், எது மிகுதியாக அச்சுறுத்தும் என்று மட்டுமே பொதுவாக வினவுவர். கதை யாரைக் கண்டு நம்மை அஞ்சச் செய்கிறது என்பது அதனினும் முதன்மையான வினா என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இவ்வழக்கத்தின் வரலாற்றில் சார்ள்ஸ் டிக்கன்சின் பெயர் தவிர்க்க இயலாதது. 1853 டிசெம்பர் 27ஆம் நாள் பேர்மிங்ஹாம் நகர மண்டபத்தில் அவர் ‘கிறிஸ்மஸ் கரோல்’ கதையை வாசித்தார். அந்நகரில் நிறுவப்படவிருந்த கல்விக் கழகமொன்றுக்கு நிதி சேர்ப்பதே நோக்கம். வாசிப்பு ஏறத்தாழ மூன்று மணி நேரம் நீடித்தது. டிசெம்பர் 30ஆம் நாள் அதே கதையைத் தொழிலாளருக்கென மீண்டும் வாசித்தார். அன்றைய இருக்கைகள் ஆறு பென்சு என்ற குறைந்த கட்டணத்தில் வழங்கப்பட வேண்டும் என்பது அவரே விதித்த நிபந்தனை. 2,000க்கும் மேற்பட்டோர் அன்று கூடினர். கொடுப்போருக்கு ஒரு கதையும் பெறுவோருக்கு வேறொரு கதையும் என அவர் வகுக்கவில்லை என்பது கவனத்துக்குரியது.

‘கரோல்’ இன்று பண்டிகைக்கால இனிப்புப் பண்டமாகக் கருதப்படினும், 1843இல் வெளிவந்தபோது அதன் முகப்பிலேயே அது ஒரு பேய்க்கதை என்று அறிவிக்கப்பட்டிருந்தது. தொழிற்சாலைகளிலும் சுரங்கங்களிலும் சிறுவர் படும் பாட்டை வெளிப்படுத்திய அரசாங்க ஆணைக்குழு அறிக்கையை அவ்வாண்டில் வாசித்த டிக்கன்ஸ், முதலில் ஒரு துண்டுப் பிரசுரம் எழுத எண்ணிப் பின்னர் அதனைக் கைவிட்டுக் கதையையே எழுதினார். பிரசுரமாக வந்திருக்க வேண்டிய சினம் பேயுருக் கொண்டது எனலாம்.

கதையின் தொடக்கத்திலேயே ஏழைகளுக்கு நிதி சேர்க்க வந்த இருவரை ஸ்குரூஜ் வெறுங்கையுடன் திருப்பியனுப்புகிறான். சிறைச்சாலைகள் இல்லையா, ஏழையர் வேலையகங்கள் இல்லையா என்று வினவுகிறான். நிதியுதவி மண்டபத்தில் இருப்போர் அனைவரும் இக்காட்சியைத் தம் கைப்பையைத் தொட்டுக்கொண்டே கேட்பர். அன்றிரவு தோன்றும் மார்லியின் ஆவி இழுத்து வரும் சங்கிலி பணப்பெட்டிகளாலும் கணக்குப் புத்தகங்களாலும் ஆனது. இங்கு அச்சம் இல்லாதவனிடமிருந்து புறப்படவில்லை. பெட்டியைப் பூட்டி வைத்தவனிடமிருந்தே அது புறப்பட்டு அவனிடமே திரும்புகிறது. அத்துடன் சங்கிலியின் ஒலி மாடிப்படிகளில் ஏறி வருவதாகக் கதை அமைந்திருப்பதால், காதுக்கென்றே எழுதப்பட்டது போன்ற பொருத்தமும் அதற்கு வாய்த்திருக்கிறது.

ஆயினும் அக்கதையில் யான் மிகவும் அஞ்சும் இடம் மார்லி அன்று. இரண்டாம் ஆவியின் அங்கிக்குள்ளிருந்து வெளிப்படும் இரு குழந்தைகளே அவ்விடம். ஒன்றின் பெயர் அறியாமை. மற்றதன் பெயர் வறுமை. குழந்தையின் முகத்தில் முதுமையும் ஓநாய்த் தன்மையும் படிந்திருப்பதைக் காணும் ஸ்குரூஜ் வாயடைத்துப் போகிறான். டிக்கன்ஸ் தொழில்முறை வாசகராகி ஊரூராகச் சென்ற காலத்துச் சுருக்கப் பிரதியில் இப்பகுதி இடம்பெறவில்லை. நேரம் குறைக்கப்பட வேண்டியிருந்தது என்பது உண்மையே. ஆனால் கிறாச்சிற் குடும்பத்தின் விருந்து நிலைத்திருக்க, இவ்விரு குழந்தைகளும் வெளியேற்றப்பட்டமை வெறும் நேரக் கணக்காகுமா? கண்ணீர் வரவழைக்கும் வறுமை அரங்கில் தங்கிற்று. அச்சுறுத்தும் வறுமை அகன்றது. இன்று இக்கதையை நிதிக்காக வாசிப்போர் யாராயினும் முதலில் மீட்டுக் கொணர வேண்டியது இப்பகுதியையே.

அவரது பிற்காலத் தெரிவு இதற்கு நேர்மாறானது. ‘ஒலிவர் ருவிஸ்ற்’ நாவலில் சைக்ஸ் என்பான் நான்சியைக் கொல்லும் பகுதியை வாசிப்புக்கென அமைத்து, 1868 நவம்பரில் அழைக்கப்பட்ட நண்பர் முன்னிலையில் பரீட்சித்து, 1869 ஜனவரி முதல் பொதுமக்களுக்கு வாசித்தார். இவை நிதியுதவி வாசிப்புகள் அல்ல, வருவாய்க்கானவை. அரங்கு நடுங்கியது. அவர் உடல் அதனினும் மிகுதியாக நடுங்கிற்று. வழமையாக 72 ஆக இருந்த நாடித்துடிப்பு 1870இல் ஒரு நாள் 124 வரை உயர்ந்ததை உடனிருந்த மருத்துவர் குறித்துள்ளார். அவ்வாண்டு ஜூன் 9ஆம் நாள் அவர் இறந்தார். அச்சுறுத்தும் ஆற்றல் ஒன்றே அளவுகோல் எனின் இதற்கு ஈடில்லை. ஆனால் வறிய பெண்ணொருத்தியின் உடல் அடித்து நொறுக்கப்படுவதே இங்கு விற்பனைப் பொருளாகிறது. கேட்போரிடம் அக்கதை எதனையும் கோரவில்லை. மூச்சை மட்டுமே வாங்கிக்கொள்கிறது.

இவ்விடத்தில் ஒரு சிறு குறிப்பு. 1866இல் அவர் எழுதிய புகையிரதச் சமிக்ஞைக்காரன் கதைக்கும் வாசிப்புப் பிரதி தயாரித்திருந்தார். மேடையில் ஒருபோதும் வாசிக்கவில்லை. வரப்போகும் விபத்தை முன்னறிந்தும் அதனைத் தடுக்கும் அதிகாரமற்ற ஒரு தொழிலாளியின் அச்சமே அக்கதை. தனக்காக அன்றிப் பிறருக்காக அவன் அஞ்சுகிறான். நான்சியின் கொலைக்குக் கிடைத்த மேடை இவனுக்குக் கிட்டாமற் போனமை வருந்தத்தக்கது.

உரத்து வாசிப்பதற்கென்றே எழுதியவர் எம். ஆர். ஜேம்ஸ். 1893இல் கேம்பிரிட்ஜ் மாணவர் கழகமொன்றில் தொடங்கி, பின்னர் நத்தார் காலங்களில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நண்பருக்கு வாசித்தவர். தொழிற்றிறனில் குறை காண்பதற்கில்லை. எனினும் அவருடைய பேய்கள் பெரும்பாலும் பழஞ்சுவடி தேடும் அறிஞரையே துரத்துவன. நிதியுதவி மண்டபத்துக்கு அவற்றால் தீங்குமில்லை, பயனுமில்லை.

டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் வெளியிட்ட ‘குரங்கின் பாதம்’ வேறு வகையினது. இந்தியாவிலிருந்து வந்த மந்திரப் பொருளிடம் ஒரு தந்தை 200 பவுண் கேட்கிறார். மறுநாள் ஆலை இயந்திரத்தில் மகன் சிக்கி இறக்க, அதே தொகை வந்து சேர்கிறது. கீழைத்தேயமே மாயத்தின் பிறப்பிடம் என்ற குடியேற்ற மனப்பாங்கு இதிலும் உண்டு. அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் பலர் கவனியாது விடும் ஓரிடம் இதனை உயர்த்துகிறது. ஆலையின் பிரதிநிதி வந்து, தம் நிறுவனம் எப்பொறுப்பையும் ஏற்கவில்லை என்று முதலில் தெரிவித்து, மகனின் சேவையைக் கருதி அத்தொகையை வழங்குவதாகக் கூறுகிறார். உரிமையாகக் கிடைக்க வேண்டியது கொடையாகக் கிடைக்கிறது! கதவைத் தட்டும் இறுதி ஒலியினும் இவ்வுரையாடலே என்னை நடுங்க வைக்கிறது. கொடை வழங்கக் கூடியோர் இதனைக் கேட்பது நன்று. வாசிப்பவர் மேசையில் விரலாற் தட்டினாலே போதும். வேறு ஒலியமைப்பு வேண்டியதில்லை.

தமிழில் இவ்வாறான மாலையொன்றை ஒழுங்கு செய்வோரின் நினைவுக்கு உடனே வருவது புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’. 1943இல் வெளிவந்த அச்சிறுகதைக்கு நிகராகத் தமிழில் மிகச் சிலவற்றையே கூற முடியும். நள்ளிரவில் எழும் நாற்றமும் நறுமணமும் கேட்போர் மூக்கைத் தாமாகவே சுருங்கச் செய்யும். ஆனால் சிக்கலும் இங்கேதான் எழுகிறது. வாசலுக்கு வரும் பிச்சைக்காரி ஒருத்தியை மனைவி இரங்கி வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அவளோடு அச்சம் வீட்டினுள் நுழைகிறது. டிக்கன்சிடம் ஈகை இன்மை பேயை அழைத்தது. இங்கு ஈகையே பேய்க்குக் கதவு திறந்துவிடுகிறது. வீடற்றோருக்கு நிதி சேர்க்கும் மண்டபத்தில் விளக்கைத் தணித்து இக்கதையை வாசித்தால், கேட்போர் எத்தகைய மனத்துடன் வாயிலைக் கடந்து செல்வர்? வாயிலுக்கு வெளியே கைநீட்டி நிற்கும் மூதாட்டியை எவ்வாறு நோக்குவர்?

இதனாற் ‘காஞ்சனை’ இரவலர் மீது வெறுப்பை வளர்க்கும் கதை என்பது பொருளன்று. தனித்து வாசிப்பவர் அவ்வாறு கொள்ளார். கதை சொல்லும் கணவன் ஓர் எழுத்தாளன். பொய் புனைதலே அவன் தொழில். அவன் கண்டது உண்மையா, இரவுநேர மருட்சியா என்பதைக் கதை இறுதிவரை தீர்ப்பதில்லை. காஞ்சனையைப் பற்றி நாம் அறிவதெல்லாம் அவன் ஐயம் மட்டுமே. பக்கத்தைப் புரட்டுபவருக்கு அவ்வையத்தின்மீதே ஐயங்கொள்ள அவகாசமுண்டு. அரங்கில் அமர்ந்திருப்பவருக்கு அஃதில்லை. ஒலிபெருக்கியில் வரும் தன்மைக் கூற்று சாட்சியமாகிவிடுகிறது. கேலியும் தயக்கமும் கலந்த நடை, பயமுறுத்தும் குரலில் கரைந்துபோகிறது. புதுமைப்பித்தன் எழுதிய கதை அச்சமயம் மண்டபத்தில் இல்லை. பிச்சைக்கார வேடத்தில் வந்த பேய் பற்றிய ஊர்க்கதையொன்றே எஞ்சுகிறது.

ஆகவே அதனை வாசிப்பதாயின் விளக்குகள் எரியட்டும். குரலைத் தாழ்த்தி நடுக்கும் நாடகப் பயிற்சி பெற்றவரை விடுத்து, கணவனின் தன்மீதான எள்ளலை வெளிக்கொணரக் கூடியவரையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். மனைவியின் பேச்சை அசட்டுத்தனமாக்காது அதன் இயல்பான பரிவோடு வாசிக்க வல்லவராகவும் அவர் இருத்தல் வேண்டும். அத்தகையவர் கிடைக்காவிடின் ‘காஞ்சனை’யை வேறோர் இரவுக்கு ஒதுக்கிவிட்டு, ஜேக்கப்ஸின் கதையை நல்ல தமிழில் பெயர்த்து, ஆலைப் பிரதிநிதியின் சொற்களை எவ்வித ஏற்ற இறக்கமுமின்றிக் காரியாலயக் கடிதம் போல் வாசிக்கச் செய்யலாம்.