நெறியாளர் விட்டுச்செல்லும் தடம்: தொம்சனும் இரு தமிழ் ஆய்வாளரும்

தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் அறுபது அகவையை எட்டும்போது மணிவிழா மலரும், ஓய்வு பெறும்போது சேவைநயப்பு மலரும், மறைந்தபின் நினைவுமலரும் வெளிவருதல் நம்மிடையே மரபாகிவிட்டது. முற்பகுதியில் ஆசிச்செய்திகளும் வாழ்த்துப்பாக்களும் இருக்கும். பிற்பகுதியில் மாணாக்கர் தத்தம் பழைய கட்டுரைகளுள் ஒன்றைத் தூசுதட்டி வழங்கியிருப்பர். இடையே பேராசிரியரின் நூற்பட்டியல் இருக்கும். அப்பேராசிரியர் பட்டப்பின் ஆய்வுகளை எங்ஙனம் நெறிப்படுத்தினார், அவர் கையிலிருந்து ஓர் ஆய்வு எவ்வாறு உருமாறி வெளிவந்தது என்று அம்மலர்களிலே தேடுவோருக்கு விடை கிடைப்பது அரிது. அன்பானவர், கண்டிப்பானவர், நேரந் தவறாதவர் என்ற மூன்று சொற்களோடு அச்செய்தி முடிந்துவிடும்.

தொகுப்பாளரை மட்டும் நோவதிற் பயனில்லை. விரிவுரை மண்டபத்திற் கற்பித்தலுக்குச் சாட்சிகள் பலர். நூலுக்கும் கட்டுரைக்கும் அச்செழுத்தே சாட்சி. நெறிப்படுத்தலோ ஒரு சிறு அறையில், இருவரிடையே, வாய்மொழியாக நிகழ்வது. அதன் விளைவு மற்றொருவர் பெயரில் வெளிவருகிறது. ஆகவே நெறியாளரின் சிறப்பை அறிய விரும்புவோர் மாணாக்கரின் ஆய்வேட்டைத்தான் திறனாய்வுக் கண்கொண்டு படிக்க வேண்டும். அத்தகைய வாசிப்பொன்றை முயன்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆசிரியரையும் மாணாக்கரையும் தரம்பிரித்து நோக்கும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. நன்னூற் பாயிரம் நல்லாசிரியர்க்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றை உவமை கூறுகின்றது. மாணாக்கருள் அன்னமும் பசுவும் தலையாயவர். மண்ணும் கிளியும் இடைப்பட்டவர். சொல்லிக்கொடுத்ததைப் பிழையின்றித் திருப்பிச் சொல்லுங் கிளியை நன்னூலார் முதல்வரிசையில் வைக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. நமது சேவைநயப்பு மலர்கள் பலவற்றிற் கேட்பது கிளிக்குரலே எனச் சொன்னால் சிலர் முனியக்கூடும்.

இவ்விடத்தில் என் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை கூறுதல் பொருத்தமுடைத்து. யான் பலாபத்வலையைச் சேர்ந்தவன். கண்டியிலிருந்து மாத்தளை, தம்புள்ளை வழியாக யாழ்ப்பாணஞ் செல்லும் பெருந்தெருவில், மாத்தளை நகருக்கு வடக்கே எமது ஊர் உள்ளது. பேராதனைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே பயணஞ்செய்த தமிழ்ப் பேராசிரியர் எத்தனையோ பேர் எம் கடைத்தெருவைத் தூங்கிக்கொண்டே கடந்திருப்பர். ஊருக்குத் தெற்கே, அதே தெருவோரத்தில், அலுவிகாரை நிற்கின்றது. வாய்மொழியாக வழங்கிவந்த பாளித் திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அங்கேதான் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. பஞ்சத்திலும் போரிலும் மனனஞ்செய்தவர் மடிந்தால் நூலும் மடிந்துவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம் என்பர். எழுதப்பட்டது போதனை. அதனை மாணாக்கன் நாவில் ஏற்றுவதற்கு ஆசிரியன் எங்கே நிறுத்தினான், எங்கே திருத்தினான் என்பவை எழுதப்படவில்லை. அவை எழுதத்தக்கன என்று எவரும் கருதியிரார்.

பட்டப்பின் ஆய்விலும் நிலைமை இதுவே. முதுமாணிப் பட்டத்துக்காக யான் எழுதிய இயல்களை மாதமொருமுறை பேருந்திற் கொண்டுசென்று என் நெறியாளரிடம் கொடுப்பேன். திரும்பி வரும் தாள்களின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி இருக்கும்: இது எப்படித் தெரியும்? வேறொன்றும் இராது. வீடு வந்து சேருமுன் அந்த இயலின் பாதி என் மனத்தில் இடிந்துவிடும். பரீட்சகர் கைக்குச் சென்ற இறுதிப்படியில் அந்தப் பென்சிற் கோடு இல்லை. இடிந்த பகுதிகளும் இல்லை. ஆய்வேட்டிற் சிறப்பானது ஏதும் உண்டாயின் அஃது அவ்விடிபாட்டின் மேல் எழுந்ததே.

இனி, எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவோம். ஈழத்துத் தமிழாய்வு வரலாற்றில் நெறியாளர்—மாணாக்கர் உறவு பற்றிச் சிந்திப்பார்க்குப் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துக் கிரேக்கமொழிப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனின் (1903–1987) உதாரணம் வியப்பளிப்பது. தமிழறியாத அவரிடம் ஈழத்தவர் இருவர் தமிழிலக்கியம் பற்றி ஆய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றனர். முதல்வர் க. கைலாசபதி, அவரது ஆய்வு 1968இல் ஒக்ஸ்போர்டில் ‘தமிழ் வீரநிலைக் கவிதை’ என்ற பொருள்பட்ட ஆங்கில நூலாக வெளிவந்தது. அடுத்தவர் கா. சிவத்தம்பி, 1970இல் நிறைவுற்ற அவரது ஆய்வு, ‘பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம்’ என 1981இற் சென்னையில் ஆங்கிலத்தில் நூலுருப் பெற்றது.

மூலமொழி தெரியாத ஒருவர் எதனைக் கற்பித்திருக்க முடியும்? தொம்சனின் முன்வாழ்வு இதற்கு ஓரளவு விடை தருகின்றது. 1923இல் இளைஞராக அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பிளாஸ்கற் தீவுக்குச் சென்ற அவர், அங்குள்ள மீனவரிடம் ஐரிஷ் மொழியைக் கற்றார். எழுத்தறிவு குன்றிய அம்மக்களின் அன்றாடப் பேச்சே கவிதையின் விளிம்பில் நிற்பதை அவர் கேட்டார். ஹோமரை வாய்மொழிக் கவிஞராக உணர்வதற்கு அத்தீவு தமக்கு வழிகாட்டிய செய்தியை அவரே தம் எழுத்துக்களிற் கூறியுள்ளார். தீவின் இளைஞர் மொரிஸ் ஓ சுல்லிவனைத் தம் வாழ்க்கையைத் தம் மொழியிலேயே எழுதுமாறு தூண்டி, 1933இல் அந்நூல் வெளிவரத் துணைநின்றவரும் அவரே. ஆங்கில மொழிபெயர்ப்பிலும் அவருக்குப் பங்குண்டு. பிறர் பொருளைத் தம் பொருளாக்கிக்கொள்ளாது, அவரவர் பொருளை அவரவரே எழுதச் செய்யும் ஆற்றல் பேர்மிங்ஹாமுக்குச் செல்லுமுன்னரே அவரிடம் இருந்தது.

கைலாசபதியின் நூலைத் திறப்போர் தொம்சனின் மார்க்சியச் சமூகப் பரிணாம விளக்கத்தை எதிர்பார்த்தே திறப்பர். அங்குக் காண்பது வேறு. அவ்விளக்கம் பின்புலத்தில் நிற்கின்றது. முன்னிற்பவை, சட்விக் வகுத்த வீரயுகக் கோட்பாடும், மில்மன் பரி, அல்பேட் லோட் ஆகியோர் ஹோமரையும் யூகோஸ்லாவியப் பாடகரையும் ஒப்பிட்டு நிறுவிய வாய்மொழி வாய்பாட்டுக் கோட்பாடும் ஆகும். பாணர் மரபும், சங்கப் பாடல்களில் மீளமீள வருஞ் சொற்றொடர்களும், துறைகளும் கிரேக்க, ஐரிஷ், வெல்ஷ் பாடல்களோடு ஒருங்குவைத்து நோக்கப்படுகின்றன. தமிழைத் தனித்தன்மையின் பீடத்திலிருந்து இறக்கி உலக இலக்கியங்களின் நடுவே அமர்த்திய துணிவு இந்நூலின் பெரும் பேறு. சங்கப் பாடல் பற்றிப் பேசுவோர் இன்றும் அதனைக் கடந்துதான் செல்லவேண்டியிருக்கிறது.

எனினும் நூலின் குறையும் அந்த நெறிப்படுத்தலின் எல்லையையே காட்டுகின்றது எனலாம். சங்கப் பாடல்கள் சிறியன. நீண்ட கதைப்பாடல்கள் அல்ல. அகப்பாடலின் திணை, கூற்று, உள்ளுறை ஆகியன அவையில் இருந்தவாறே புனைந்து பாடும் பாடகனின் அவசரத்துக்கு எளிதில் இசைவன அல்ல. 1975இல் ஜோர்ஜ் ஹாட், இப்பாடல்கள் வாய்மொழி மரபைப் பின்பற்றி எழுத்தறிந்த புலவர் இயற்றியவை என வேறுபட்டு வாதித்தார். அவர் முடிவை முழுவதும் ஏற்காதவரும் அவ்வினா வலியது என்பதை மறுக்கமாட்டார். ஹோமருக்கு அளவெடுத்த சட்டை அகநானூற்றுக்குத் தோளில் இறுகுகின்றதே என்று கேட்க, தமிழ் யாப்பறிந்த ஒருவர் அந்த அறையில் இருந்திருப்பின் நூல் இன்னுஞ் செறிவு பெற்றிருக்கும். அக்குறையை ஓரளவு நிரப்பியது பேராதனை. க. கணபதிப்பிள்ளையும் சு. வித்தியானந்தனும் 1950களில் ஊட்டிய தமிழ்ப் பயிற்சியின்றி அந்த ஆய்வு தொடங்கியே இராது. பட்டச் சான்றிதழிற் பேராதனைக்கு இடமில்லை.

சிவத்தம்பியின் நூல் ஆசிரியருக்கு இன்னும் அணுக்கமானது. 1941இல் வெளிவந்த தொம்சனின் ‘எஸ்கிலசும் ஏதென்சும்’, குலக்குழுச் சடங்கிலிருந்து கிரேக்க நாடகம் எழுந்த வரலாற்றைச் சமூக மாற்றத்தோடு பொருத்திக் காட்டியது. அதே வினாவைச் சிவத்தம்பி தமிழிடம் கேட்டார். ஆனால், தமிழ் ஏதென்சின் விடையைத் தரவில்லை. ஒருகாலத்து ஒரு சமூகம் முழுவதும் ஒரு படிநிலையிலிருந்து மறுபடிநிலைக்குச் சென்றது எனக் கூறுவதற்குச் சங்க இலக்கியம் இடந்தராது. குறிஞ்சி வேட்டுவனும் முல்லை ஆயனும் மருதத்து உழவனும் ஒரே காலத்தில், வெவ்வேறு வளர்ச்சி நிலைகளில், அருகருகே வாழ்கின்றனர். திணைக் கோட்பாட்டை இத்தகைய சமனற்ற வளர்ச்சியின் வெளிப்பாடாக விளக்கி 1974இற் சிவத்தம்பி எழுதிய கட்டுரை, நேர்கோட்டுப் பரிணாமத்தைக் கொண்ட பழைய விளக்கங்களிலிருந்து விலகிச் செல்கின்றது. ஆசிரியரிடம் பெற்றது வினா; விடை பெற்றது குறிஞ்சியிலும் மருதத்திலும். தொம்சன் பேராசிரியப் பதவியிலிருந்து ஓய்வுபெற்றதும் 1970இலேயே. அவ்வாண்டு நிறைவுற்ற தமிழாய்வு அவரது சேவைக்கு வாய்த்த மலர் என்றே சொல்லலாம். அதில் வாழ்த்துப்பா இல்லை.

தமிழ்நாட்டிலும் இதற்கொத்த செய்தி உண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தலபுராணங்களின் ஆசிரியர். அவருடைய மாணாக்கர் உ. வே. சாமிநாதையர் புகழ்பெற்றதோ, ஆசிரியர் மறைந்து பல்லாண்டின் பின் 1887இற் பதிப்பித்த சீவக சிந்தாமணியால். அந்நூல் ஆசிரியரிடம் பாடங்கேட்டதன்று. ஆயினும் 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக ஆசிரியரின் சரித்திரத்தை எழுதியபோது, பாடஞ்சொன்ன முறையையும் செய்யுள் பிறந்த சூழலையும் நுணுகி நுணுகிப் பதிவுசெய்தார். நம் மலர்த் தொகுப்பாளர் அந்நூலை ஒருமுறை புரட்டினாலும் நன்று.

வித்தியானந்தனுக்கு மீள்வோம். இலண்டனில் அவர் 1950இற் பெற்ற கலாநிதிப் பட்டம் பத்துப்பாட்டு பற்றியது; ‘தமிழர் சால்பு’ 1954இல் வந்தது. இவ்விரண்டுமே பட்டியல்களில் முன்னிற்கின்றன. ஆனால், 1960களிற் பேராதனையில் அவர் செய்தது வேறு. சரச்சந்திரவின் ‘மனமே’ 1956இற் சிங்கள மரபு நாடகத்துக்குப் புத்துயிர் அளித்ததைக் கண்ட அவர், மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். 1962இற் ‘கர்ணன் போர்’, பின்னர் ‘இராவணேசன்’. அதில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பிற்காலத்தில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆய்ந்து கலாநிதியாகி, கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக இருந்தபோது அதே ‘இராவணேசனை’ மீளத் தயாரித்தார். அது பழைய ஆட்டத்தின் படியன்று. ஆடிய கால்களிலிருந்து ஆய்வொன்று பிறக்கும் என்பதை 1960களின் எந்தப் புள்ளித்திட்டம் கணக்கிட்டிருக்கும்?

புள்ளித்திட்டம் என்றதும் இன்றைய நிலை நினைவுக்கு வருகின்றது. பதவியுயர்வுக்குக் கற்பித்தலும் ஆய்வும் சமூகப் பணியும் எண்களாக்கப்படுகின்றன. எண்ணுவதே தவறு என வாதிடுதல் எம் நோக்கமன்று. எண்ணாதிருந்த காலத்தில் உறவுமுறையும் ஊர்முறையும் எண்ணப்பட்டமை எல்லோரும் அறிந்ததே. ஆயினும், நெறிப்படுத்திய ஏடுகளின் தொகையால் நெறியாளரை மதிப்பிடத் தலைப்பட்டால் விளைவது யாது? ‘தோற்றமும் வளர்ச்சியும்’ என ஒன்று. ‘ஓர் ஆய்வு’ என மற்றொன்று. ஒரே நெறியாளரின் கீழ் எழுந்த மூன்று ஏடுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். இயற்பகுப்பும் மேற்கோள்களும் முடிவுரையும் பெயர் மாற்றத்தோடு ஒத்திருப்பின், அங்கே மாணாக்கர் மூவர் இல்லை; ஒருவர் மும்முறை எழுதியிருக்கிறார். கைலாசபதியின் நூலையும் சிவத்தம்பியின் நூலையும் அவ்வாறு அருகில் வைத்தால், இரண்டும் ஒரே அறையிலிருந்து வந்தன என்பதை நம்புவதற்குச் சற்று நேரமாகும்.

எம் ஊர்ப்பக்கத்து மிளகுத் தோட்டங்களிற் கொடியைக் கிளிசிரிடியா மரத்திற் படரவிடுவர். மரம் உயிருள்ளதாக இருக்கவேண்டும். ஆனால் காலந்தோறும் அதன் கிளைகளை வெட்டிவிட வேண்டும். விட்டால் நிழல் மூடிக் கொடி இலையாகத் தழைக்கும், காய்க்காது. தோட்டக்காரர் வெட்டுவது மரத்தை, எடைபோடுவது மிளகை. நெறியாளர் தம் கிளையைத் தாமே வெட்டவேண்டியிருப்பதுதான் பல்கலைக்கழகத்திலுள்ள இடர்.

இது குறித்து நடைமுறைக்கு உகந்த யோசனை ஒன்றுண்டு. இறுதிப்படியை நூலகத்தில் ஒப்படைக்கும் ஆய்வாளர், நெறியாளரின் திருத்தங்களுடன் கூடிய ஓர் இயலின் வரைவையேனும் உடன் ஒப்படைத்தல் வேண்டும். இருவரும் இசைந்தால் மட்டுமே. நெறியாளரின் கையெழுத்துக்கு நாணுபவரை வற்புறுத்த வேண்டியதில்லை. இடப்பற்றாக்குறை என நூலகர் கூறுவராயின், ஏடொன்றுக்கு முப்பது தாள் என்று கணக்கிட்டாலும் ஓர் இறாக்கை பல ஆண்டுக்குப் போதும். கணினியில் திருத்துவோர் அக்கோப்பையே வழங்கலாம். என் வரைவுகள் இன்னும் பலாபத்வலை வீட்டில் ஒரு தகரப்பெட்டியில் உள்ளன. பென்சில் மங்கி வருகின்றது. கேட்பாராயின் முதலாவதாக அவற்றைக் கொடுக்க ஆயத்தமாயுள்ளேன்.