கரி அடுப்புக்குத் தானியங்கி ஊதல்: சேவூரில் ஒரு சோதனை

பட்டு நூல் அவிக்கும் அண்டாவின் அடியில் விறகு எவ்வளவு எரிந்தாலும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. நெசவு ஊரான சேவூரில் இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. கோழி சுடும் கரி அடுப்புக்கு அப்படியொரு உச்சவரம்பு கிடையாது. அதை அடக்க வந்திருக்கும் சாதனத்தை இங்கே வைத்துச் சோதித்தேன்.

சூட்டை அளக்கும் ‘கே’ வகை தெர்மோகப்பிள், பிஐடி கன்ட்ரோலர், 12 வோல்ட் புளோயர், அவ்வளவுதான். வேண்டிய சூட்டுக்கு இன்னும் எவ்வளவு குறை, அந்தக் குறை எவ்வளவு நேரமாக நீடிக்கிறது, எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று மூன்றையும் பார்த்து கன்ட்ரோலர் ஊதலைக் கூட்டும், தணிக்கும். கப்பலைத் திசை பிசகாமல் செலுத்த 1922-இல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி ஆராய்ந்து எழுதிய அதே கணக்கு.

வேலிகாத்தான் கரி போட்டு 200 டிகிரி வைத்தேன். சூடு 200-ஐத் தாண்டி ஏறியது. புளோயர் நின்ற பிறகும் வெகுநேரம் இறங்கவில்லை. மூடி போட்ட அடுப்பில் காற்றை அடைத்தால் தணல் அடங்கும். திறந்த அடுப்பிலோ நாலாபக்கமும் காற்று. ஆகவே இந்தச் சாதனத்தால் சூட்டை ஏற்ற முடியும், இறக்க முடியாது. பற்றவைக்கும் நேரத்துக் குறையையும் அது சேர்த்துக்கொண்டே வருவதால் ஊதல் மிஞ்சிவிடுகிறது. கரியைக் கையால் விசிறி, வெண்சாம்பல் பூத்த பிறகு சுவிட்சைப் போட்டு, புளோயர் வாயைப் பாதி மூடி வைத்தபோது நன்றாகக் கட்டுப்பட்டது.

தெர்மோகப்பிளை நாலு விரற்கடை நகர்த்தினாலே எண் மாறும். அது தணலின் அனலையும் சேர்த்தே காட்டுகிறது. கறி வெந்ததா என்பதை அந்த எண் சொல்லாது. கோழியின் உட்பகுதி 74 டிகிரி தொட்டதா என்று தனி வெப்பமானியால் குத்திப் பாருங்கள்.

தெர்மோகப்பிளின் இரு வயர்களை மாற்றிப் பூட்டினால் சூடு ஏற ஏற எண் இறங்கும், புளோயர் முழுவேகத்தில் ஊதும். ஆபத்து. முதலில் லைட்டர் சுடரைக் காட்டி எண் ஏறுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அர்ஜென்டினாவில் சக்கரத்தைச் சுழற்றிக் கம்பித்தட்டையே ஏற்றி இறக்குவார்கள். திறந்த தணலுக்கு அதுதான் சரியான வழி. அந்தச் சக்கரத்தில் மோட்டாரைப் பூட்டி அதை இரு திசையிலும் சுழற்றத் தெரிந்த கன்ட்ரோலரை இணைத்து, தெர்மோகப்பிளையும் தட்டிலேயே வைத்தால், ஊதலால் முடியாத மறுபாதி வேலையும் முடிந்துவிடும்.

முழுக்கோழியை நிதானமாகச் சுடுபவர்கள் வாங்கலாம். ஆர்டர் வர வர துண்டு போடும் கடைக்காரர்கள் இதற்குச் செலவிடும் பணத்தில் முதலில் ஏற்றி இறக்கும் தட்டு ஒன்று செய்துகொள்ளுங்கள்.