அழித்தும் அழியாத கரி

வில்லோ போன்ற மரங்களின் மெல்லிய குச்சிகளைக் காற்றுப் புகாமல் சுட்டெடுக்கும் கரிக்கோல், தாளுக்குள் ஊறாமல் அதன் சொரசொரப்பில் தூளாகவே தங்குவதால் எளிதில் துடைபடும். ஆயினும் முற்றாக நீங்காது. இக்குறையையே தம் கலைக்கு அடிப்படையாக்கியவர், 1955இல் ஜோகனஸ்பர்க்கில் பிறந்த வில்லியம் கென்ட்ரிட்ஜ். நிலைச்சித்திரங்களை அடுத்தடுத்துப் படம்பிடித்து இயக்கம் காட்டும் அசைபடங்களை 1989 முதல் உருவாக்கிவரும் அவர், சுவரில் பொருத்திய ஒரே பெரிய தாளில் சிறிது வரைந்து, கேமராவரை நடந்து சென்று பதிவுசெய்து, திரும்பி வந்து சிறிது அழித்து மீண்டும் வரைவதால், சித்திரத்தில் நகர்ந்துவிட்ட கை முன்பிருந்த இடத்தில் சாம்பல் நிறக் கறையாக எஞ்சுகிறது.

நிறவெறி ஆட்சியின் சட்டங்களை நீதிமன்றத்தில் எதிர்த்த வழக்கறிஞர்களின் மகனும், யூத மரபினருமான கென்ட்ரிட்ஜ், வெள்ளையர் என்ற நிலை தந்த சலுகையைத் தம் சித்திரங்களில் மறைப்பதில்லை. அவருடைய அசைபடங்களில் வரும் பட்டைக்கோடிட்ட உடையணிந்த சுரங்க முதலாளி சோஹோ எக்ஸ்டைனும், ஆடையின்றித் தோன்றும் கனவுமனத்தவன் ஃபீலிக்ஸ் டைட்டில்பாமும் எதிரெதிர் மனிதர்களாகத் தொடங்கினாலும், காலப்போக்கில் இருவருமே ஓவியரின் சாயலை ஏற்றுவிடுகின்றனர். தன்னைப் பற்றிய இத்தகைய நேர்மை தற்சித்திர மரபில் அரிது. தென்னாப்பிரிக்காவில் எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் பொதுத் தேர்தல் நடந்த 1994ஆம் ஆண்டைச் சேர்ந்த ஃபீலிக்ஸ் படமொன்றில், வெளியில் கிடக்கும் சடலங்களைச் செய்தித்தாள்கள் மூட, அச்சடலங்கள் மெல்ல நிலத்தோடு கலக்கின்றன. அவற்றை அளந்து வரைந்துவந்த நந்தி என்ற கறுப்பினப் பெண்ணும் சுடப்பட்டு அதே மண்ணில் கரைகிறாள். அசைபடத்தைவிட, அதன் எல்லா அழிப்புகளையும் சுமந்தபடி கண்காட்சிச் சுவரில் தொங்கும் தாள்களிலேயே, அழித்தாலும் எதுவும் முற்றாக நீங்காது என்ற உண்மை கூடுதல் கனத்துடன் தெரிகிறது எனலாம்.