ராக்கெட்டின் முதுகில் ஒரு கேமரா

மாதிரி ராக்கெட்டின் பக்கவாட்டில் சின்னக் கேமராவைப் பொருத்தி எடுத்த காணொளிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாய்மொழித் தேர்வுப் பயிற்சிக்காக இவற்றை வகுப்பில் போடும் ஆசிரியர்களும் உண்டு. நல்ல தேர்வுதான். ஆனால் பல காணொளிகளைப் பின்னணி இசை கெடுத்துவிடுகிறது.

இசை சேர்க்காத ஒன்றைத் தேடிப் போடுங்கள். இவை பொம்மை ராக்கெட்டுகள் அல்ல. மோட்டாரின் மொத்த உந்துவிசை 160 நியூட்டன் விநாடியைத் தாண்டினால் 'உயர்திறன்' வகை. பெரும்பாலும் இரண்டு, மூன்று விநாடிதான் இரைச்சல். பிறகு காற்றின் சத்தம் மட்டுமே. புகையும் நின்றுவிடும். ஆனால் தரை விலகிக்கொண்டே போகும். "மோட்டார் அணைஞ்ச பிறகும் மேலே போகுதே, ஏன்?" என்று ஒரு மாணவர் கேட்டால், அன்றைய பாடம் பாதி முடிந்த மாதிரி.

உச்சியில் வேகம் தளரும்போது 'பட்' என்று ஒரு வெடி. உடனே நம் மாணவர்கள் "ராக்கெட் வெடித்துச் சிதறியது" என்று எழுதிவிடுகிறார்கள். சிதறவில்லை, பிரிந்தது. உடலைப் பிரித்து வான்குடையை வெளியே தள்ளவே அந்தச் சிறிதளவு வெடிமருந்தை உள்ளே வைக்கிறார்கள். சொல் மாறினால் வெற்றியே விபத்தாகிவிடும்!

இன்னொன்று, வளைந்த அடிவானம். "பூமி உருண்டை என்று கண்ணால் கண்டேன்" என்று எழுதத் தோன்றும். பொறுங்கள். மூன்று கிலோமீட்டர் உயரத்தில் அவ்வளவு வளைவு தெரியாது. அது அகலக்கோண லென்சின் வேலை. அடிவானம் திரையின் மேல்பாதியில் இருக்கும்போது மேடாகவும், கீழ்ப்பாதிக்கு வரும்போது குழியாகவும் தெரிகிறதா? அப்படியானால் வளைவது லென்சுதான், பூமி அல்ல. உண்மையான வளைவைக் காட்ட விரும்பினால், அமெரிக்காவின் தென் கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர்கள் 2019 ஏப்ரலில் நியூ மெக்சிகோவிலிருந்து ஏவிய 'டிராவலர் 4' காணொளியைக் காட்டலாம். அது ஏறத்தாழ 103 கி.மீ. உயரம் சென்றதாக அவர்கள் கணக்கிட்டார்கள். அந்த உயரத்தில் பகலிலும் வானம் கறுப்புதான்.

வான்குடையில் ஆடி ஆடி இறங்கும் பகுதியைப் பலர் வெட்டிவிடுகிறார்கள். 'போர்' அடிக்கும் என்ற பயம் போலும். எனக்கோ அதுதான் பேச்சுப் பயிற்சிக்கு மிகவும் ஏற்ற பகுதி. அவசரம் இல்லை, பொட்டாகத் தெரிந்த வண்டி வண்டியாகிறது, கோடு பாதையாகிறது, கடைசியில் புழுதி. மாணவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டே வரலாம்.