பழைய டிரம் செட்: பாணிகளும் தரங்களும்

பழைய டிரம் செட் ஒன்றைக் கழற்றுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது எந்தத் தோலுக்காகச் செய்யப்பட்டது என்பதுதான். 1957-இல் அமெரிக்காவில் ரீமோ பெல்லி 'வெதர் கிங்' என்ற பெயரில் மைலார் பிளாஸ்டிக் ஹெட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு ஓராண்டு முன்பே சிக் எவன்ஸ் அதே பொருளில் ஹெட் செய்திருந்தார். அதுவரை டிரம் என்றால் கன்றுத்தோல்தான். ஈரக்காற்றில் தொய்யும், மேடை விளக்கின் சூட்டில் விறைக்கும். 1920-களில் பேஸ் டிரம்முக்குள் மின்விளக்கு பொருத்தி வைப்பார்கள். முன்தோலில் வரைந்த படம் அந்த வெளிச்சத்தில் ஒளிரும். அந்தச் சூட்டில் தோலும் ஈரமேறாமல் இருக்கும். கச்சேரிக்கு நடுவே கல்லை எடுத்து வலந்தலையைத் தட்டிச் சேர்க்கும் மிருதங்க வித்வானைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாடு புரியும்.

மைலார் வந்ததும் அந்தப் பாடு தீர்ந்தது. ஆனால் தோலுக்கென்று கடைந்த ஷெல்கள் அப்படியேதான் இருந்தன. 1960-களின் டிரம்களில்கூட, ஹெட் உட்காரும் விளிம்பு கன்றுத்தோல் காலத்து உருண்டை வடிவையே பெரும்பாலும் ஒட்டி வந்தது. பழைய டிரம்மின் நாதம் பாதிக்கு மேல் அந்த விளிம்பில்தான் இருக்கிறது. ஆகவே பழைய டிரம்மை அது செய்யப்பட்ட காலத்தின் கணக்கிலேயே செப்பனிட வேண்டும், அந்தக் கணக்கிலேயே சுருதி கூட்ட வேண்டும். இன்றைய கணக்கை அதன்மேல் ஏற்றினால் நாதம் போய்விடும். இனி வரும் பாணிகளையெல்லாம் இந்த அளவுகோலை வைத்தே பார்க்கிறேன்.

அமெரிக்கப் பாணிகளில் முதலில் சொல்ல வேண்டியது சிகாகோவின் ஸ்லிங்கர்லாண்ட். பெனி குட்மன் ஜாஸ் குழுவில் டிரம் வாசித்த ஜீன் குரூபாவுக்கு முன்னால், டாம் என்று பலர் வாசித்தது ஆணியால் தோலை அறைந்த சீன டிரம்மைத்தான். அதில் சுருதி கூட்ட வழியில்லை. 1930-களின் நடுவில் மேலும் கீழும் முறுக்கிச் சுருதி சேர்க்கக்கூடிய டாமைக் குரூபாவுக்காக ஸ்லிங்கர்லாண்ட் செய்து கொடுத்தது. 1938 ஜனவரி 16-ஆம் நாள் கார்னெகி ஹாலில் குட்மன் குழு வாசித்தபோது குரூபாவின் டாம்கள் தனியாகவே பேசின. இந்த நிறுவனத்தின் 'ரேடியோ கிங்' ஸ்னேர், ஒரே மேப்பிள் பலகையை நீராவியில் வளைத்து, உள்ளே மேலும் கீழும் வளையம் வைத்துச் செய்தது. ஒற்றைப் பலகை என்பதால் பல ஆண்டுகளில் கொஞ்சம் கோணிக்கொள்ளும். கோணாத ரேடியோ கிங் கையில் கிடைத்தால் அதன் மரத்தில் கை வைக்கவே கூடாது.

நியூயார்க்கின் புரூக்ளினில் 1883-இல் தொடங்கிய கிரெட்ச் வேறொரு பள்ளி. மேப்பிளும் கம் மரமும் சேர்ந்த ஷெல் முதலில் மூன்று அடுக்காகவும் பின்னர் ஆறு அடுக்காகவும் வந்தது. உள்ளே தாங்கு வளையம் கிடையாது. உட்புறம் முழுக்க வெள்ளி நிறப் பூச்சு. விளிம்பை 30 பாகையில் சரித்திருப்பார்கள். ரிம், அச்சில் வார்த்த கனமான உலோகம். இத்தனையும் சேர்ந்து ஓசையைச் சுருக்கமாக, கூர்மையாக, நடுவில் கெட்டியாகத் தரும். மாக்ஸ் ரோச், ஆர்ட் பிளேக்கி, எல்வின் ஜோன்ஸ், டோனி வில்லியம்ஸ் என்று நவீன ஜாஸின் பெரிய கைகள் கிரெட்சில் உட்கார்ந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. 18 அங்குல பேஸ் டிரம்மை ஒரு பெரிய டாம் போலவே பாட வைக்கும் வழக்கம் அவர்களிடமிருந்துதான் பரவியது.

மூன்றாவது லுட்விக். 1909-இல் சிகாகோவில் வேகமான ஒரு பேஸ் டிரம் பெடலை வைத்துத் தொடங்கிய குடும்ப நிறுவனம். பெயரை விற்றுவிட்டு, 'டபிள்யூ.எஃப்.எல்.' என்ற முத்திரையில் மறுபடி தொழில் நடத்தி, 1955-இல் தன் பெயரைத் திரும்ப வாங்கியது. எனவே அந்த மூன்றெழுத்துத் தகடு இருந்தால் அதுவும் லுட்விக் குடும்பத்து டிரம்தான். 1963-இல் லண்டனின் டிரம் சிட்டி கடையில் பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் கருப்பு ஆய்ஸ்டர் பேர்ல் மேலுறை போட்ட லுட்விக் செட்டை வாங்கினார். 1964 பிப்ரவரி 9-ஆம் நாள் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீட்டில்ஸைக் கண்ட ஏறத்தாழ 7 கோடி அமெரிக்கர்களின் கண்ணில் லுட்விக் எழுத்துகள் பட்டன. தேவை பெருகி, தொழிற்சாலை இரவு பகலாக ஓடியது. அந்த 1963 செட் 2015-இல் 20 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அந்தக் கால ஷெல் மகோகனி, பாப்லர், மேப்பிள் கலந்த மூன்று அடுக்கு, உள்ளே மேப்பிள் வளையம், உருண்டை விளிம்பு. ஓசை வட்டமாக, சற்றே தடித்து, சீக்கிரம் அடங்கும்.

ரோஜர்ஸ் நிறுவனத்தின் பெருமை அதன் உலோக வேலைப்பாட்டில். 'ஸ்விவோமேட்டிக்' தாங்கிகளும் 'டைனசோனிக்' ஸ்னேரும் அப்படிப்பட்டவை. இன்றும் கழற்றி மாட்டினால் உறுதியாகப் பிடிக்கும்.

அட்லாண்டிக்குக்கு அப்பால் இரண்டு பள்ளிகள். 1922-இல் லண்டனில் பிறந்த பிரிமியர், 1940-இல் குண்டுவீச்சில் ஆலையை இழந்து லெஸ்டருக்குப் போனது. அதன் குரோம் பூச்சைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அமெரிக்கக் குரோம் மெலிந்து தெரியும். ஆனால் 1960-களின் பிற்பகுதி வரை பிரிமியர் ஷெல் அமெரிக்க அளவைவிட ஒரு மயிரிழை பெரிது. 12 அங்குலம் என்று எழுதியிருக்கும். கடையில் வாங்கிய 12 அங்குல ஹெட் இறங்காது. ஜெர்மனியின் சோனர் 1875-இல் வைசன்ஃபெல்ஸில் தொடங்கியது. போருக்குப் பின் மேற்கே ஆவே ஊருக்குக் குடிபெயர்ந்து, பீச் மரத்தில் கெட்டியான ஷெல்களைச் செய்தது. அவர்களுடைய பழைய திருகுகளின் தலையில் சதுரத்துக்குப் பதில் வெட்டுக்கோடு இருக்கும். வழக்கமான டிரம் கீ அதைப் பிடிக்காது. அமெரிக்கத் திருகின் மரையும் இந்த இரண்டின் மரையும் வேறு வேறு. பொருந்தாத திருகை வலிந்து முறுக்கினால், ஷெல்லில் அதைப் பிடித்திருக்கும் லக்கின் உள்மரை போய்விடும்.

இத்தனை பாணிகளையும் வரிசையாகச் சொன்னதற்குக் காரணம், செப்பனிடுவதில் பொதுத் தரம் என்று ஒன்று இல்லாததுதான். ஆனாலும் எல்லாப் பாணிக்கும் பொதுவான ஒரு பிழை உண்டு. விளிம்பைப் புதிதாக 45 பாகையில் கூராக வெட்டிவிடுவதே அந்தப் பிழை. கூர் விளிம்பு தோலை மிகக் கொஞ்சமாகத் தொடும். ஓசை நீளும், மேல்சுரங்கள் பெருகும். புது டிரம்முக்கு அது அழகு. 1964 லுட்விக்குக்கு அதைச் செய்தால், அந்த டிரம் எதற்காக வாங்கப்பட்டதோ அதுவே இல்லாமல் போகும். வெட்டிய மரத்தை ஒட்ட முடியாது.

முதலில் விளிம்பைச் சோதிக்க வேண்டும். சமமான கிரானைட் பலகையில் ஷெல்லைக் கவிழ்த்து, உள்ளே சிறு டார்ச்சை எரியவிட்டு, அறையை இருட்டாக்குங்கள். விளிம்பு தாழ்ந்த இடத்தில் வெளிச்சக் கீற்று தெரியும். இரண்டு திருகுகளுக்கு நடுவே ஒரு கீற்று என்றால் பெரும்பாலும் ஹெட்டே அதைச் சமாளித்துக்கொள்ளும். காகிதம் நுழையும் அளவு இடைவெளி என்றால் அதற்கு இருபுறமும் உயர்ந்து நிற்கும் மேட்டை மட்டும், சமதளத்தில் ஒட்டிய உப்புத்தாளில், கையால் தேய்க்கலாம். இயந்திரம் வேண்டாம். பிறகு ஷெல்லின் விட்டத்தை நான்கு திசையிலும் அளந்து, வட்டம் கோணியிருக்கிறதா என்று பாருங்கள்.

உட்புறத்தை ஒருபோதும் தேய்த்துப் பளபளப்பாக்கக் கூடாது. 1960-களின் லுட்விக் ஷெல்லுக்குள் சிவப்பு மையில் தேதி முத்திரை குத்தியிருக்கும். வெளியே உள்ள தகட்டின் எண்ணை வைத்து வயது சொல்ல முடியாது. தகடுகள் பெட்டியிலிருந்து வரிசையில்லாமல் எடுத்து அடிக்கப்பட்டவை. அந்த மை முத்திரைதான் சாட்சி.

மேலுறை பெரும்பாலும் செல்லுலாய்டு. அது காலப்போக்கில் சுருங்கும், பொருத்தில் எழும், வெள்ளை முத்து நிறம் பாலாடை நிறத்துக்குப் போகும், நீல மினுமினுப்பின் மேல்படலம் மஞ்சளித்துப் பச்சை காட்டும். நெருப்பை அருகில் கொண்டுபோகக் கூடாது. எழுந்த பொருத்தை மெல்ல ஒட்டி அழுத்திவைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். பச்சையான நீலத்தை அப்படியே விடுவதுதான் முறை. புது உறை ஒட்டினால் பார்வைக்கு நன்றாக இருக்கும், வயது போய்விடும். துருப்பிடித்த குரோமை ஈரமான அலுமினியத் தாளால் தேய்த்தால் துரு இறங்கும். ஆனால் லுட்விக்கின் சூப்ராபோனிக் ஸ்னேரில் குரோம் புள்ளியாய்க் கொப்பளித்து உதிர்வது துருவல்ல. அது அலுமினிய ஷெல். அலுமினியத்தின் மேல் குரோம் சரியாக ஒட்டுவதில்லை. தேய்க்கத் தேய்க்க உதிரும். ஓசைக்கோ ஒரு குறையும் இல்லை. துடைத்து விட்டுவிடுங்கள்.

லக்குக்குள் ஒரு ஸ்பிரிங் உண்டு. டிரம் கிடுகிடுவென்று அதிர்ந்தால் பலரும் ஷெல்லைச் சந்தேகிப்பார்கள். பாதி நேரம் அந்த ஸ்பிரிங்தான். சிறு பஞ்சைச் சுற்றி மாட்டினால் அடங்கும். 1970-களில் டாமின் அடித் தோலைக் கழற்றிப்போட்ட வழக்கத்தால், பல செட்டுகளில் கீழ் ரிம்மும் திருகுகளும் தொலைந்திருக்கும். புதிய தாங்கி மாட்ட ஷெல்லைத் துளைத்ததும் அந்தக் காலத்தில்தான். இந்த இரண்டு காயங்களோடு வந்த செட்டையும் நான் ஒதுக்கமாட்டேன். அது மேடையில் உழைத்த செட்.

இனிச் சுருதி. முதலில் ஹெட்டை ஷெல்மேல் வைத்து விரலால் சுழற்ற வேண்டும். தடையில்லாமல் சுற்றினால்தான் சேரும். பழைய பிரிமியருக்கும் 1950-களின் சில கிரெட்ச் ஷெல்களுக்கும் அக்வேரியனின் 'அமெரிக்கன் விண்டேஜ்' போன்ற, சற்றே தளர்வாகச் செய்த ஹெட்கள் வேண்டும். ஷெல்லைச் செதுக்கி ஹெட்டை நுழைப்பது வேலை தெரிந்தவர் செய்யும் காரியமல்ல. உருண்டை விளிம்புக்கு ஒற்றை அடுக்கு, வெள்ளைப் பூச்சுப் போட்ட ஹெட் பொருந்தும். எண்ணெய் அடைத்த இரட்டை ஹெட், ஏற்கெனவே சீக்கிரம் அடங்கும் டிரம்மை ஊமையாக்கும்.

திருகுகளை விரலால் முடிந்தவரை இறக்கி, எதிரெதிராகக் கீயால் அரைச்சுற்று அரைச்சுற்றாக ஏற்றுங்கள். பிறகு ஒவ்வொரு திருகுக்கும் ஓர் அங்குலம் உள்ளே தட்டி, எல்லா இடமும் ஒரே சுரம் சொல்கிறதா என்று கேளுங்கள். கீழ்த் தோலும் மேல் தோலும் ஒரே சுருதி என்றால் ஓசை நீளும். கீழ்த் தோல் கொஞ்சம் ஏறினால் சுருங்கும்.

இதற்கு மேல் பள்ளிகள் பிரியும். ஜாஸ் பள்ளி மேலே ஏற்றும், பேஸ் டிரம்மையும் முழுத் தோலோடு பாட விடும். பீட்டில்ஸின் 'ஆபி ரோடு' காலத்து ரிங்கோ தோலின்மேல் துண்டு போட்டு அடக்கினார். 26 அங்குல பேஸ் டிரம் வைத்திருந்த ராக் டிரம்மர் ஜான் பான்ஹம் திறந்தே வாசித்தார். அவர் வாசித்த 'வென் த லெவி பிரேக்ஸ்' பாடலுக்கு ஹெட்லி கிரேஞ்ச் மாளிகையின் கூடத்தில் செட்டை வைத்து, மாடிப்படியின் மேலிருந்து மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். அந்த இடியோசைக்குப் பெரிய காரணம் தோலின் இறுக்கமும் கூடத்தின் உயரமும். டிரம்மைத் தளர்த்தி அதைப் பிடிக்கப் பார்ப்பவர்கள் ஏமாறுகிறார்கள்.

என் கருத்தில் பழைய ஷெல்லுக்கு நடுச்சுருதிதான் நியாயம். மெதுவாக ஏற்றிக்கொண்டே தட்டினால் ஓரிடத்தில் மரமும் தோலும் சேர்ந்து ஒலிக்கும். அதைத் தாண்டினால் தோல் மட்டும் கேட்கும். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும் இடத்திலேயே நிறுத்திவிட்டு ஓரிரவு விட்டுவிடுங்கள். புது ஹெட் இழுபட்டுச் சுருதி இறங்கியிருக்கும். மறுநாள் கால்சுற்றில் திரும்பச் சேருங்கள். அதன் பிறகும் ஏதாவது ஒரு திருகு மட்டும் மறுபடி மறுபடி தளர்ந்தால், ஹெட்டை விட்டுவிட்டு அந்த லக்கைத் திறந்து உள்மரையைப் பாருங்கள்.