அடிமரமும் தையலும்

இலங்கை மேற்குக் கரையின் 'ஒருவ' என்னும் மிதவைப் படகும் கேரளத்துக் கெட்டுவள்ளமும் தைத்துச் செய்யும் படகுகள். பலகையின் ஓரத்தில் துளையிட்டு, தென்னந்தும்புக் கயிறு கோத்து இறுக்குவதே இரண்டிலும் வேலை, இரும்பாணிக்கு இடமில்லை. ஆனால் பழைய படகைப் புதுப்பிக்க உட்காரும்போது இரு கரைத் தச்சர்களும் வெவ்வேறு இடத்தில் கை வைக்கிறார்கள். எது போனால் படகே போயிற்று என்பதில் இருவர் கணக்கும் வேறு.

ஒருவவில் அது அடிமரம். ஒரே மரத்தைக் குடைந்தெடுத்த நீண்ட தொட்டி. வாய் மிகக் குறுகல், ஆள் உள்ளே கால் வைக்கலாமே தவிர வசதியாக உட்கார முடியாது. அதன் விளிம்பில் இருபுறமும் பலகை தைத்து உயர்த்துவார்கள். ஒரு பக்கத்தில் மட்டும், இரண்டு வளைகழிகளின் நுனியில் மிதவைக் கட்டை கட்டப்பட்டிருக்கும். கழியும் மிதவையும் பக்கப்பலகையும் தேய்ந்தால் அவிழ்த்துவிட்டு வேறு கட்டிக்கொள்ளலாம். அடிமரம் அப்படியல்ல. பலா இனத்தைச் சேர்ந்த 'தெல்', மா போன்ற மரங்களில் அந்தப் பருமனில் ஒன்று கிடைப்பது இன்று அரிது. அதனால் வெடிப்பு விட்ட மரத்தையும் எளிதில் கைவிடுவதில்லை. தும்பைத் திணித்து, குங்கிலியம் பூசி, மீண்டும் கடலுக்கு அனுப்பப் பார்ப்பார்கள்.

இந்தப் படகு திசை மாறும்போது திரும்புவதில்லை. மிதவை எப்போதும் காற்று வரும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதால், பாயையும் சுக்கானையும் மறுமுனைக்கு மாற்றிவிட்டு அப்படியே எதிர்த்திசையில் ஓடும். அணியம் என்னும் முன்முனை அமரம் என்னும் பின்முனையாகும், அமரம் அணியமாகும். ஆகவே ஒரு முனையைச் செதுக்கிச் சீர்செய்தால் மறுமுனையையும் அதே வடிவில் வைத்தாக வேண்டும். அலை உடையும் கரையில் தினமும் இழுத்தேற்றப்படும் படகுக்குத் தையல் பொருந்துகிறது: அடி விழும்போது ஆணி அடித்த மூட்டு பிளக்கும், தைத்த மூட்டு சற்று நெகிழ்ந்து கொடுக்கும். கரையேற்றிக் காயவைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு உலர்ந்த மரத்தில் நிலைப்பதில்லை.

கெட்டுவள்ளத்தில் அடிமரமே கிடையாது. 'கெட்டு' என்றால் கட்டு. முழுப் படகும் கட்டப்பட்ட பலகைகள்தான். ஆஞ்ஞிலி எனப்படும் அயினி மரப் பலகைகள் ஓரத்தோடு ஓரம் சேர்க்கப்படுகின்றன. அயினியும் பலாவின் உறவுதான் என்பதால், இரு நாட்டுத் தச்சரும் ஒரே மரக் குடும்பத்தைத் தேடிப் போயிருக்கிறார்கள். இங்கே புதுப்பித்தல் என்பது தையலைப் பிரிப்பதில் தொடங்குகிறது. இற்றுப்போன கயிறு அறுத்தெடுக்கப்படும். மக்கிய பலகை மட்டும் வெளியே வரும். புதுப் பலகையைப் பொருத்தி, இடைவெளியின் மேல் தும்பை நீளமாக வைத்து, உள்ளே ஒருவரும் வெளியே ஒருவருமாகக் கயிற்றை மாற்றி மாற்றிக் கோத்து இழுப்பார்கள். பிறகு துளைகளை அடைத்துக் கலப்பற்று முடிந்ததும், முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து காய்ச்சி எடுக்கும் கரிய எண்ணெய் மேலே ஏறும். தோலில் பட்டால் எரியும் எண்ணெய் அது. மரத்தை அழுகலிலிருந்து காப்பதும் அந்தக் காரம்தான். பாட்டன் ஓட்டிய வள்ளம் என்று பேரன் சொல்லும்போது, அதில் பாட்டன் காலத்துப் பலகை எத்தனை என்று கேட்பது வீண்.

கேரளத்திலேயே இந்தத் தையல் கணக்கு செல்லாத இடமும் உண்டு: ஆறன்முளை. பம்பை ஆற்றங்கரையின் பள்ளியோடங்கள் என்னும் நீண்ட வள்ளங்கள் ஆணி அடித்துச் செய்தவை. பார்த்தசாரதி கோயிலோடு சேர்த்து வணங்கப்படுபவை. வெறுங்காலோடுதான் ஏற வேண்டும். கரையோகங்கள் என்னும் ஊர்ச் சங்கங்கள் அவற்றைக் கொட்டகையில் ஏற்றிவைத்து, மீன் எண்ணெய் பூசி, ஓணத்தை ஒட்டி வரும் உத்திரட்டாதி வள்ளங்களி என்னும் படகு விழா வரை காக்கின்றன. வானை நோக்கி எழும் அமரமே இந்த வள்ளத்தின் அடையாளம். ஒருவவில் முன்பின் என்ற பேதமே இல்லை. இங்கே பின்முனைக்குத்தான் பெருமை எல்லாம்.

மரம் அரிதானதற்கு இரு நாடுகளும் சொன்ன பதில்களும் ஒன்றல்ல. இலங்கையில் நீர்கொழும்புப் பக்கம் கண்ணாடியிழையில் வார்த்த உடல் வந்துவிட்டது. அடிமரம் மாறினாலும் கழிகளும் மிதவையும் முன்போலவே கயிற்றால் கட்டப்படுகின்றன, தும்புக்குப் பதில் நைலான். கேரளத்தின் குட்டநாட்டில் நெல் சுமந்த கெட்டுவள்ளங்களுக்கு, லாரியும் சாலையும் வந்தபின் வேலை போயிற்று. 1990களில் அவற்றின் மேல் மூங்கிலும் பாயும் கொண்டு கூரை வேய்ந்து, அறை கட்டி, சுற்றுலாவுக்கு விட்டார்கள். அடியில் இருப்பது பழைய தையல். மேலே படுக்கையும் குளியலறையும். அந்தத் தையல் தளர்ந்தால் மேலே எத்தனை அறை இருந்தாலும் வள்ளத்தைக் கரைக்கு இழுத்துத்தான் பிரிக்க வேண்டும்.