வீட்டு ஃபேஷியல் குறிப்புகள் யார் முகத்துக்கு?

வீட்டிலேயே ஃபேஷியல் செய்துகொள்வது பற்றித் தமிழில் வரும் குறிப்புகளைக் கொஞ்ச நாளாகச் சேர்த்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். வார இதழ் இணைப்பு, யூடியூப், வாட்ஸ்அப் ஃபார்வேர்டு, எதிலும் வரிசை ஒன்றுதான்: பாலால் துடைப்பது, சர்க்கரையோ அரிசி மாவோ வைத்துத் தேய்ப்பது, ஆவி, மசாஜ், கடைசியில் கடலை மாவு, தயிர், எலுமிச்சை கலந்த பேக். பார்லர் வரிசை அப்படியே அடுப்படிக்கு வந்திருக்கிறது. செலவு குறைவு, யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். இதில் எனக்குப் புகார் இல்லை. 'சமையலறைச் சாமான்தானே, என்ன பண்ணிடும்?' என்று இவை கொடுக்கும் தைரியம்தான் இடிக்கிறது.

எலுமிச்சையையே எடுத்துக்கொள்வோம். சருமத்தின் பி.எச். சுமார் 5, எலுமிச்சைச் சாறு 2-க்குப் பக்கம். ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை 10 மடங்கு கூடும். அப்படியானால் வித்தியாசம் சுமார் 1,000 மடங்கு! அதோடு, ஆங்கிலக் குறிப்புகளில் வரும் லெமன் வேறு பழம். நம்மூர்ச் சின்ன எலுமிச்சை லைம் வகை. லைமில், குறிப்பாக அதன் தோலில், ஃப்யூரனோகூமரின்கள் என்ற வேதிப்பொருள்கள் உண்டு. அவை ஒட்டிய இடத்தில் வெயில் பட்டால் கொப்புளம் வரலாம், பிறகு கருமை மாதக்கணக்கில் நிற்கலாம். வெளிநாடுகளில் வெயிலில் நின்று லைம் பிழிகிறவர்களின் கைகளில் இது வருவதால் 'மார்கரிட்டா தீக்காயம்' என்றே பேர் வைத்திருக்கிறார்கள். 'பிழிந்த மூடியை முகத்தில் வட்டமாகத் தேய்க்கவும்' என்று எழுதுகிறவர்கள் இதை யோசித்ததாகத் தெரியவில்லை. நிறம் கூட்டச் சொன்ன வைத்தியமே முகத்தைக் கருக்கவும் செய்யும்.

ஆவி பிடித்தால் துளைகள் 'திறக்கும்', ஐஸ் வைத்தால் 'மூடும்' என்பது அடுத்தது. துளைக்குத் திறந்து மூடத் தசை கிடையாது. ஆவியில் உள்ளே இருக்கும் எண்ணெய் இளகுகிறது, அவ்வளவுதான். பேக் காயும்போது முகம் இறுகுவது, மாவிலும் மண்ணிலும் உள்ள ஈரம் போய் அவை சுருங்குவதால். கழுவினால் அந்த இறுக்கமும் போய்விடும்.

இந்தக் குறிப்புகள் மனதில் வைத்திருக்கும் முகம் எது? ஞாயிற்றுக்கிழமை மதியம் ஃபேன் காற்றில் படுத்திருக்கும் முகம். ஆனைக்குட்டத்தை வைத்துப் பார்த்தால் இது புரியும். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையில், அர்ச்சுனா நதி அணையை ஒட்டிய ஊர். சுற்றுவட்டாரத்தில் பலருக்குப் பிழைப்பு பட்டாசு ஆபீஸ்தான் (ஆலையை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்). மருந்து வேலை பார்ப்பவர்களின் முகத்திலும் கையிலும் அலுமினியப் பவுடர் வெள்ளி மாதிரி ஒட்டிக்கொள்ளும். அந்த மூஞ்சியில் சர்க்கரையைப் போட்டுத் தேய்த்தால் பவுடரையும் சேர்த்துத்தான் தேய்க்கிறோம். தோல் கீறும், எரியும். மறுநாள் காலையில் அதே தோலோடு கந்தகத்துக்கும் வெயிலுக்கும் போக வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவி மெதுவாகத் துடைத்து எடுத்துவிட்டு, காரம் குறைந்த சோப்பில் கழுவுவதுதான் அந்த முகத்துக்கு ஏற்றது. எந்த அழகுக் குறிப்பிலும் இதை நான் பார்க்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த சிவந்த கன்னத்து லட்சுமியும் சரஸ்வதியும் சிவகாசி அச்சகங்களில் காலண்டராகித்தான் நம் வீட்டுச் சுவருக்கு வந்தார்கள். 'பளபளக்கும் முகம்' எப்படி இருக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்ததில் இந்த வட்டாரத்துக்கும் பங்கு உண்டு. 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் பேரை க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டது. வீட்டுக் குறிப்புகள் அந்த அளவுக்குக்கூட மாறவில்லை. இன்னும் 'ஒரே வாரத்தில் நிறம் கூடும்' என்றுதான் முடிகின்றன.

ஃபேஷியலே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பத்து நிமிஷம் தன் முகத்தைத் தானே தடவிக்கொடுப்பது நல்ல ஓய்வு. பாசிப்பயறு மாவை நைசாகச் சலித்துக் குழைத்து, முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுப் போடுங்கள். எலுமிச்சை ரசத்துக்கு இருக்கட்டும். குறிப்பு எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கை: முதல் வரியில் 'நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்?' என்று கேளுங்கள்.